சருகில் சறுக்காமல் ஓர் இலையுதிர்காலக் கல்யாணம்

என் சித்தி மகள் கல்யாணத்தில் மணவறையைச் சுற்றி உலர்ந்த இலைகளையும், பஞ்சு போன்ற கதிர் விடும் பாம்பாஸ் புல்லையும் கட்டியிருந்தார்கள். நடைபாதையின் இரண்டு பக்கமும் சருகு தூவியிருந்தது. கைப்பேசியில் மாதிரிப் படம் பார்த்தபோது வீட்டில் எல்லாருக்கும் பிடித்துத்தான் போயிருந்தது. காலை ஆறு மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்த பாட்டி வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னடி இது, கூட்டாத வாசல் மாதிரி?" என்றார். அவ்வளவுதான். முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது இரண்டு மாமாக்கள் துடைப்பம் தேடி அலைந்தார்கள்.

இந்த இலையுதிர்காலத் தீம் மேல் எனக்குக் கோபம் இல்லை. அரக்கு, கடுகு மஞ்சள், செங்கல் நிறம், பித்தளை மினுக்கு எல்லாம் நம் கல்யாணத்தில் காலங்காலமாக இருப்பவைதான். குங்குமமும் மஞ்சளும் குத்துவிளக்கும் வேறு என்ன நிறம்? கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நான் பார்த்த சொதப்பல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கின. நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பருவத்தையே இங்கே இறக்கிவிடப் பார்த்தார்கள்.

முதலில் தேதி. மேல்நாட்டில் இலையுதிர்காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அதற்காக நாமும் அந்த மாதங்களில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை புரட்டாசி குறுக்கே நிற்கும். நம்மில் பல வீடுகளில் அந்த மாதம் கல்யாணம் பேசவே மாட்டார்கள். பேசினாலும் விருந்து சைவம்தான். அது முடிந்து ஐப்பசி பிறந்தால் தீபாவளி. தையல்காரர் கையில் வேலை நிறைந்திருக்கும், பூ விலை ஏறும், பாதி உறவினர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். ஆகவே முகூர்த்தத்தை முதலில் குறியுங்கள், தீம் பின்னால் வரட்டும். குடும்பம் ஒத்துக்கொண்டால் மாசியில்கூட வைக்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வளர்ந்த பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சொல்வார். நமக்கும் ஓர் இலையுதிர்காலம் இருந்தது, அது பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். மழை குறைந்ததும் மரங்கள் இலையைச் சிவப்பும் மஞ்சளுமாக மாற்றி மொத்தமாக உதிர்த்துவிடும். காலடியில் சருகு சரசரக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த நாட்களில் பால் குறையும், பாலோடு வருமானமும் குறையும். பாட்டிக்குச் சருகு என்றால் கையில் காசு ஓடாத மாதம். இது எனக்குக் கல்யாணம் முடிந்து பல நாள் கழித்துத்தான் உறைத்தது. அன்று காலை அவர் முகம் சுளித்ததற்கு வெறும் சாங்கியம் மட்டும் காரணமில்லை.

சாங்கியமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாழைமரமும் மாவிலையும் பச்சையாக நிற்க வேண்டிய இடம் மணவறை. அங்கே காய்ந்ததை வைத்தால் பெரியவர்களுக்கு மனம் ஒப்பாது. வாதாடி ஜெயிக்கலாம், ஆனால் கல்யாண வீட்டில் அந்த வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மணவறையும் வாசல் தோரணமும் பச்சை இலையும் புதுப் பூவுமாக இருக்கட்டும். உலர்ந்த அலங்காரம் கண்டிப்பாக வேண்டுமென்றால் மாலை விருந்தின் மேசைகளுக்கோ படம் எடுக்கும் மூலைக்கோ போகட்டும்.

இன்னொரு விஷயம், நெருப்பு. ஓமம் வளர்க்கும் இடத்துக்கு அருகில் பாம்பாஸ் புல் வைப்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஒரு பொறி போதும். அந்தப் புல்லிலிருந்து பஞ்சு வேறு உதிர்ந்துகொண்டே இருக்கும். பட்டுப் புடவையில் ஒட்டும், ஐயர் வாயில் மந்திரத்தோடு சேர்ந்து உள்ளே போகும். ஓட்டல் மண்டபம் என்றால் ஓமப் புகையை அனுமதிக்கிறார்களா, எவ்வளவு நேரத்துக்கு என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கோயில் மண்டபத்தில் ஆணி அடிக்கலாமா, முதல் நாள் இரவே அலங்கரிக்க விடுவார்களா என்று கேளுங்கள்.

உலர்ந்தவற்றுக்கு நம் காற்றும் எதிரிதான். நம் ஊர் ஈரப்பதத்தில் சருகு மொறுமொறுவென்று நிற்காது. ஒரு வாரம் முன்பே வாங்கி ஸ்டோரில் போட்டு வைத்தால் தொய்ந்து, பூஞ்சை வாடை அடிக்கும். சரி, பிளாஸ்டிக் மேப்பிள் இலை வாங்கலாம் என்று நீலாய் மொத்தக் கடைகளுக்கு ஓடுகிறோம். தூரத்திலிருந்து நன்றாக இருக்கும். பிளாஷ் வெளிச்சம் பட்டால் பளபளவென்று மின்னி குட்டு உடைந்துவிடும். தரையில் தூவினால் வெறுங்காலோடு வலம் வருகிறவர்களுக்கு வழுக்கும். மேப்பிள் அப்படிச் சிவக்க நாள் குறுக வேண்டும், இரவு குளிர வேண்டும். கோலாலம்பூரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் அரை மணி நேர வித்தியாசம்கூட இல்லை. நம் மண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத இலையை நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

நம் வீட்டு வாசலிலேயே குரோட்டன் நிற்கிறதே! சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், கரும்பச்சை என்று ஒரே செடியில் முழு இலையுதிர்காலமும் இருக்கிறது. எல்லாம் உயிருள்ள இலை, பாட்டி எதுவும் சொல்ல மாட்டார். முதல் நாள் மாலை வெட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் நிறுத்திவிட்டால் மறுநாள் வாடாது. வெட்டிய இடத்தில் பால் வடியும், துணியில் பட்டால் கறை பிடிக்கலாம். கட்டுகிறவர்களிடம் பழைய துணியும் கையுறையும் கொடுத்துவிடுங்கள். செடி போதவில்லையென்றால் சுங்கை பூலோ நாற்றுப்பண்ணைகளில் தொட்டியோடு வாங்கி, கல்யாணம் முடிந்ததும் உறவினர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுத்துவிடலாம். பூவுக்குக் கேமரன் மலைச் செவ்வந்தி இருக்கிறது. மஞ்சள், துரு நிறம், கருஞ்சிவப்பு எல்லாம் கிடைக்கும். ஆனால் கடைசி நிமிடத்தில் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்குப் போய் "துரு நிறம் இருநூறு கட்டு வேண்டும்" என்றால் சிரிப்பார்கள். சில வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.

பூசணிக்காய் பற்றி ஒரு வார்த்தை. வாசலில் வரிசையாகப் பூசணி அடுக்கினால் நம் ஆட்கள் இலையுதிர்காலம் என்று நினைக்க மாட்டார்கள். "யாருக்குத் திருஷ்டி கழிக்கப் போறீங்க?" என்று கேட்பார்கள். அதில் கண்ணும் வாயும் செதுக்கி வைத்தால் பேய் வீடுதான். உள்ளே சாப்பாட்டுப் பக்கம் கூடைகளில் வையுங்கள், அதுவும் முழுக் காயாக. வெட்டியது இந்த வெக்கையில் ஒரு நாள் தாங்காது.

திறந்தவெளி ஆசைக்கு வருவோம். தங்க வெயிலில் மரத்தடி மணவறை! கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு கொட்டும். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் மழை கொழுத்த மாதங்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அங்கே எத்தனை வீடுகளில் வெள்ளம் புகுந்தது என்று பினாங்கு ஆட்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள். பந்தல் போட்டால் மட்டும் போதாது, தரை சேறாகும், மின்கம்பிகள் நனையும். உள்ளே இடம் இல்லாமல் வெளியே மட்டும் நம்பி முன்பணம் கட்டாதீர்கள். இந்த விஷயத்திலும் மாசி கைகொடுக்கிறது, பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் மழை குறைந்த மாதங்கள்.

தங்க வெயிலும் நாம் நினைக்கிற மாதிரி நீண்ட நேரம் நிற்காது. ஏழு மணி வாக்கில் சூரியன் சட்டென்று இறங்கிவிடும். மாலைப் படங்களுக்கு ஆறு மணிக்கே தயாராக இருந்தால் உண்டு, ஒப்பனை முடித்து ஏழரைக்கு மேல் வந்தால் வெறும் இருட்டு.

உடை விஷயத்தில் நான் கண்டது இதுதான். அழைப்பிதழில் "செங்கல் நிறம்" என்று போட்டால் ஒருவர் ஆரஞ்சிலும் இன்னொருவர் பழுப்பிலும் வருவார். நிறத் துண்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வெல்வெட்டும் சால்வையும் ஓட்டல் குளிருக்குச் சரி, கோயில் மண்டபத்து விசிறிக்குக் கீழே பெண் மயங்கி விழுவாள். பழுப்புத் திரையும் பழுப்புப் புடவையும் மஞ்சள் விளக்கில் ஒன்றாகக் கலந்து மங்கிவிடும். பெண்ணுக்குப் பின்னால் பச்சையோ வெளிர் நிறமோ வேண்டும்.

சாப்பாட்டில் பரங்கிக்காய் சூப் வைக்கலாம், யாரும் குடிக்க மாட்டார்கள். இஞ்சி டீ மேசை ஒன்று போடுங்கள். பினாங்குக் கல்யாணம் என்றால் ஜாதிக்காய்ச் சாறும் ஜாதிக்காய் மிட்டாயும் இருக்கவே இருக்கிறது, வாசனையே அந்தப் பருவத்தைக் கொண்டுவந்துவிடும்.

மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தைக் கேட்க மறந்துவிடாதீர்கள். அலங்காரத்தைக் கட்டுவதற்கு ஆள் வைத்த வீடுகள் பிரிப்பதற்கு ஆள் வைப்பதில்லை. சித்தி மகள் கல்யாணத்தில் மாலை நான்கு மணிக்கு மிஞ்சியது அலங்காரத்துக்கு வைத்த பூசணிகள்தான். சமையல்காரர் இரண்டை எடுத்துக்கொண்டார், மீதி எங்கள் வீட்டில் மூன்று நாள் சாம்பார்.