தோட்டாவுக்கு மருந்து: கண்ணை நம்பிச் செய்யும் தவறுகள்

கடையம், பாபநாசம், களக்காடு என்று மலையடிவாரத்துப் பயிரைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகும் ஊர்களில் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கிட்டித்த பாட்டன்மாரின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் சிலர் இன்று அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மருந்தையும் குண்டையும் மீண்டும் பொருத்திக்கொள்வது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவர்கள் கேட்பது பெரும்பாலும், "எந்த மருந்து நல்ல மருந்து?" என்பதுதான். முதல் தவறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. இந்த அளவுக் கூட்டுக்கும் இந்த எடைக் குண்டுக்கும் பொருந்தும் மருந்து என்று உண்டே தவிர, பொதுவில் நல்ல மருந்து என்று எதுவும் இல்லை.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆம் பிரிவின்படி, தோட்டா தயாரிப்பதற்குத் தனி உரிமம் கேட்கிறது. ரைஃபிள் வைத்துக்கொள்ளப் பெற்ற உரிமம் அதற்குச் செல்லாது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பின், உரிமமின்றித் தயாரிப்பவருக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, ஆயுள் தண்டனை வரையும் நீளலாம். ஆகவே இனி வருவதெல்லாம் அனுமதியுள்ள நாட்டில் இருப்போருக்கே.

அடுப்பெரித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பனையோலை குப்பென்று பற்றி அடங்கிவிடும். உடைமர விறகு நின்று எரியும். கைத்துப்பாக்கிக்கான மருந்து ஓலையைப் போன்றது, ரைஃபிள் மருந்து விறகைப் போன்றது. ஆனால் விறகுக்கு இல்லாத ஒரு குணம் இன்றைய தோட்டாக்களில் இடும் புகையில்லா மருந்துக்கு உண்டு: அழுத்தம் ஏற ஏற அதன் எரிவேகமும் ஏறுகிறது, அந்த வேகம் அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. விரைந்தெரியும் மருந்தை அந்தக் கூட்டில் நிரப்பினால் எல்லை எப்போது தாண்டப்பட்டது என்று அறியவே நேரம் இராது. துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை முகத்துக்கு ஒரு சாண் தொலைவில்தான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, நிறத்தையும் மணியின் வடிவத்தையும் பார்த்து மருந்தை அடையாளம் காண்பது. எரிவேகத்தில் எதிரெதிரான இரண்டு மருந்துகள் ஒரே சாம்பல் நிறத்தில், ஒரே குச்சி வடிவில் இருக்கக்கூடும். பெயர் சீட்டு கிழிந்த டப்பாவில் இருப்பதை யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது; அனுபவசாலி என்று பெயர் வாங்கியவர் சொன்னாலும் நம்பக்கூடாது. கரிமருந்துக்காகச் செய்த பழைய துப்பாக்கியில் புகையில்லா மருந்தை இடுவது குழாயைப் பிளந்துவிடும். சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் சிலருக்கு எழும் யோசனைக்கும் இங்கேயே பதில்: பட்டாசு மருந்து வெடிப்பதற்கென்றே ஆனது, குண்டை உந்துவதற்கு அல்ல.

பெயரிலும் பொறி உண்டு. ஐஎம்ஆர் 4831, எச் 4831 என்று ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு மருந்துகள் இருக்கின்றன. பின்னதே மெதுவாக எரிவது. அதற்கான அளவைப் பார்த்து முன்னதை நிரப்பியவர் எண் ஒன்றுதானே என்று நினைத்திருப்பார். எழுத்தையும் எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும், மருந்துத் தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையில் அதே பெயர், அதே குண்டெடை இருந்தால் மட்டுமே அளவை எடுக்க வேண்டும், அதுவும் அங்கே குறித்த தொடக்க அளவிலிருந்து. நண்பருடைய துப்பாக்கியில் ஒத்துக்கொண்ட அளவு உங்களுடையதில் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

கிராமில் பழகிய நமக்கு அலகும் ஒரு சிக்கல். அட்டவணை சொல்வது கிரெயின். ஒரு கிரெயின் 0.0648 கிராம்தான். தராசு எந்த அலகில் நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது அவமானமல்ல.

குறைத்துப் போட்டால் ஆபத்தில்லை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, அதுவும் தவறே. மெதுவாக எரியும் மருந்தை அட்டவணையின் தொடக்க அளவுக்கும் வெகுவாகக் குறைத்து இட்டபோது அழுத்தம் எதிர்பாராமல் எகிறிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. கூட்டில் பாதி இடம் காலியாக விடும் மருந்தாயிருந்தால் கைமறதியில் இருமுறை கொட்டியதும் கண்ணில் படாது. ஆதலால் பொருந்தும் மருந்துகளுக்குள் கூட்டை ஏறக்குறைய நிறைப்பதைத் தேர்வதே நல்லது.

வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. குளிர்காலத்தில் சோதித்த அளவு, பாளையங்கோட்டைக் கத்திரி வெயிலைப் போன்ற ஒரு கோடையில், காருக்குள் கிடந்து சூடேறிய தோட்டாவில் கூடுதல் அழுத்தம் தரும். டெக்சாஸ் வெயிலும் நம் வெயிலுக்குச் சளைத்ததல்ல. வெப்பத்தால் அதிகம் மாறாதவை என்று விற்கப்படும் மருந்துகளும் கொஞ்சம் மாறத்தான் செய்யும். டப்பாவைத் திறந்ததும் புளித்த நெடி வந்தாலோ செம்பழுப்புப் புகையோ தூளோ தெரிந்தாலோ அந்த மருந்து கெட்டுப்போயிற்று. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். அளவைக் குப்பியில் மிஞ்சியதை அன்றே அதன் சொந்த டப்பாவில் சேர்த்துவிட வேண்டும், எந்த டப்பாவுடையது என்ற ஐயம் வந்துவிட்டால் எதிலும் சேர்க்கக்கூடாது.