கோத்தகிரித் தண்ணீரில் மோலி வளர்க்க

கோத்தகிரியில் எங்களுக்கு வருவது ஊற்றுத் தண்ணீர். குடிக்க அருமை, மோலி மீனுக்கு ஆகாது. நீலகிரி சார்னோகைட் பாறை, சுண்ணாம்புக்கல் இல்லை. அதனால் தண்ணீரில் கார்பனேட் மிகக் குறைவு. மீன் கழிவால் சேரும் அமிலத்தைத் தாங்க எதுவும் இல்லாமல் தொட்டியின் பிஎச் (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம்) 6-க்கும் கீழே போய்விட்டது. பிஎச் ஏற்றும் திரவம் ஊற்றினால் ஏறும், மறுபடி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனை வாட்டும்.

நிலைக்க வைத்தது கோழித் தீவனக் கடைக் கிளிஞ்சல்; தண்ணீரில் இல்லாத கார்பனேட் அதில் இருக்கிறது. நன்றாக அலசி, வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தேன். தண்ணீர் அமிலமாக இருக்கும்போது வேகமாகக் கரையும், பிஎச் 7-ஐத் தாண்டியதும் கரைவது குறையும். மெதுவாக ஏறி 7.4-இல் நின்றது.

ஒன்று முக்கியம். கிளிஞ்சல் வைக்கும் முன் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி, மீன் கழிவால் சேர்ந்த அம்மோனியாவைக் குறைத்துவிடுங்கள். பிஎச் ஏற ஏற அதன் விஷமும் ஏறும்.