விராலுக்குத் தவளை லூர்: வாங்கும்முன் அமுக்கிப் பாருங்கள்

அல்லியும் ஆகாயத்தாமரையும் மண்டிய குளமா? விரால் அந்தப் பாசி ஓரத்தில்தான் பதுங்கும். அங்கே மும்முள் (மூன்று முனைத் தூண்டில் கொக்கி) தொங்கும் மீன் வடிவ லூரை, அதாவது போலி இரையை, வீசினால் கொடியில் மாட்டிக்கொண்டு உங்கள் பொழுதைத் தின்றுவிடும். உள்ளே காற்றுள்ள ரப்பர் தவளைதான் சரி. இரட்டை முள் முதுகை ஒட்டிப் படுத்திருப்பதால் இலைமேல் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கவ்வி உடல் அமுங்கும்போதுதான் முள் வெளியே தலைகாட்டும்.

அதனால் கடையிலேயே இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். லேசான அழுத்தத்துக்கே முள் முனை வெளியே வரவேண்டும். கட்டியாக இருந்தால், எவ்வளவு அழகான நிறமென்றாலும் திருப்பி வைத்துவிடுங்கள். நிறத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு, தெளிவான தண்ணீருக்குப் பச்சையோ பழுப்போ போதும். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை தவளைக்குள் புகுந்த தண்ணீரைப் பிதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கும்.

தூண்டில் நரம்பு 30 அல்லது 40 பவுண்ட் தாங்கும் பிரெய்டு (பின்னிய நரம்பு). மோனோ (ஒற்றை இழை நைலான் நரம்பு) என்றால் ரப்பர் மாதிரி இழுபடும், முள் வாயில் ஆழமாக ஏறாது. ராடு (தூண்டில் கோல்) 7 அடி மீடியம் ஹெவி, அதாவது ஓரளவு விறைப்பானது. ரீல் (நரம்பைச் சுற்றும் உருளை) 3000 சைஸ்.

விரால் பாய்ந்து தண்ணீர் ‘மடார்’ என்று வெடித்ததும் பதறி இழுக்காதீர்கள். நரம்பு இறுகட்டும், அப்புறம் ஓங்கி இழுங்கள்.

சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மொய்க்கும் இடத்தில் மட்டும் வீச வேண்டாம். பெரிய விரால் கீழே காவல் நிற்கும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.