வீட்டில் பிரஷர் பார்க்கிறீர்களா?

"மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர் காட்டுது டாக்டர்" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பாத்ரூம் போய்விட்டு வந்து பார்த்தீர்களா என்பதுதான். சிரிப்பார்கள். ஆனால் சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்த்தால் அளவு நிஜமாகவே ஏறும். காபி, சிகரெட் முடிந்து 30 நிமிடமாவது ஆகட்டும். முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டையைச் சட்டைமேல் சுற்றாதீர்கள்; வெறும் கையில், முழங்கைக்கு மேலே சுற்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வையுங்கள். மெஷின் ஓடும்போது பேச்சு கூடாது. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள் (குறைவாக வந்ததை மட்டும் எழுதி வருபவர்களும் உண்டு!). 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் நோட்டை மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.