மஞ்சுக்கடா: நம்ம மலைக்கு ஒரு மான்ஸ்டர் செய்வது எப்படி, அதோடு மோதுவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி மேஜையில் டைஸ் உருட்டி ஆடும் கற்பனை ஆட்டத்தில், மான்ஸ்டர் புத்தகத்தைப் புரட்டி, லெவலுக்குப் பொருந்துகிற ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தால் சண்டை நடந்துவிடும். ஆனால் நான்கு பேரும் சுற்றி நின்று அதன் ஹெச்பி (உயிர்ப் புள்ளி) தீரும்வரை டைஸ் உருட்டுவதைத் தவிர அதில் வேறொன்றும் இருக்காது. மான்ஸ்டர் அடுத்து என்ன செய்யும், எதற்குச் சீறும், எப்போது ஓடும் என்பதை ஆட்டக்காரர்கள் பார்த்தே கற்றுக்கொள்ள முடிய வேண்டும், எனக்கு முக்கியம் அதுதான். குன்னூர், கோத்தகிரி பக்கம் இருப்பவர்களுக்கு இதற்குத் தனியாக ஆராய்ச்சி வேண்டாம், தேயிலைத் தோட்டத்துக்குள் வந்து நிற்கிற காட்டெருமையைத் தூரத்தில் இருந்து கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒன்றை முழுசாகச் செய்து காட்டுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள், மூன்றாம் லெவலில் நான்கு பேர். பெயர் மஞ்சுக்கடா. பனிமூட்டம் இறங்கும்போது சோலைக்காட்டில் இருந்து வெளியே வரும் ஒற்றைக் கடா.

முதலில் பழக்கம், நம்பர் அப்புறம். காட்டெருமைக் கடா எடுத்த எடுப்பில் முட்ட வராது. பக்கவாட்டில் திரும்பி, முதுகு மேடும் உடம்பும் முழுசாகத் தெரிகிற மாதிரி நின்று தன் அளவைக் காட்டும், மூச்சைச் சீறி விடும். திடீரென்று பக்கத்தில் போய் நின்றாலோ, போகிற வழியை அடைத்தாலோ பாய்ந்துவிடும். இதையே விதியாக்குங்கள்: மஞ்சுக்கடா ஒரு ரவுண்டு (எல்லோருக்கும் ஒரு முறை வரும் சுற்று) பக்கவாட்டில் திரும்பி நிற்கும், தாக்காது, ஆனால் 5 அடிக்குள் வருகிறவரை, தன் முறைக்குக் காத்திராமல் உடனே, ரியாக்‌ஷனில் உதைக்கும். அடுத்த ரவுண்டில் 30 அடிக்குள் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவரை நோக்கி நேர்கோட்டில் பாயும். அந்த இடைவெளியில் எல்லோரும் விலகிவிட்டால் பாயாது. டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) இந்த விதியை வாய்விட்டுச் சொல்லவே கூடாது, அது திரும்புவதையும் சீறுவதையும் மட்டும் வர்ணிக்க வேண்டும். முதல் பாய்ச்சலில் ஒருத்தர் அடி வாங்குவார். இரண்டாவது தடவை அவர்களே "திரும்புது, விலகு!" என்று கத்தினால் உங்கள் மான்ஸ்டர் சரியாக வந்திருக்கிறது.

இப்போது நம்பர். எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டாம், இருக்கிற ஒன்றை எடுத்து மாற்றுங்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை 2023-ல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள், இலவசம்தான். அதில் யானை இருக்கிறது: சிஆர் (எவ்வளவு கடினம் என்ற அளவு) 4, ஏசி (அதை அடிக்க எட்ட வேண்டிய எண்) 12, ஹெச்பி 76. குறைந்தது 20 அடி நேராக ஓடிவந்து குத்தினால் எதிராளி ஸ்ட்ரெங்த் சேவ் (பலத்தால் தாக்குப்பிடிக்கும் உருட்டல்) போட வேண்டும், டிசி (எட்ட வேண்டிய எண்) 12. தவறினால் கீழே விழுவார், விழுந்தவரை மிதிக்கலாம். நமக்கு வேண்டியது அப்படியே இருக்கிறது. ஆனால் குத்து 3டி8+6 (எட்டு முக டைஸ் மூன்றின் கூட்டுத்தொகையோடு 6), சராசரி 19. மூன்றாம் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) மொத்த ஹெச்பியே 17 பக்கம்தான் இருக்கும், ஒரே குத்தில் சாய்ந்துவிட்டால் அவர் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் குத்தை 2டி8+4 ஆக்குங்கள், சராசரி 13. மிதி 1டி10+4. உதைக்கும் இதே 1டி10+4 போதும். தாக்குதல் போனஸ் (அடிக்க உருட்டும் டைஸோடு கூட்டுவது) எல்லாவற்றுக்கும் +6. குத்தும் மிதியும் சேர்ந்து பட்டால் விசார்ட் விழுவார், 28 ஹெச்பி உள்ள ஃபைட்டர் (போர்வீரர்) தாங்குவார். அந்த வித்தியாசம் இருக்க வேண்டும்.

ஹெச்பியை எப்படி முடிவு செய்வது? ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு ரவுண்டில் எவ்வளவு அடிப்பார்கள் என்று கணக்குப் போடுங்கள். தாக்குதல் போனஸ் +5 வைத்திருக்கிறவருக்கு ஏசி 12-ஐ அடிக்க டி20-ல் (இருபது முக டைஸில்) 7 விழுந்தால் போதும், அதாவது 70 சதவீதம். சராசரி 9.5 அடிக்கிற ஃபைட்டர் அப்படிப் பார்த்தால் ரவுண்டுக்கு ஆறரை. நான்கு பேரும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று வைத்துக்கொண்டால் 26. சண்டை நாலு ரவுண்டு போக வேண்டும் என்றால் ஹெச்பி 100. கடினமாக்க வேண்டும் என்று ஏசியை மட்டும் ஏற்றாதீர்கள். 18 ஆக்கினால் அதே ஃபைட்டருக்கு 40 சதவீதம்தான், தன் முறைக்காகக் காத்திருந்து காத்திருந்து தவறவிடுவதில் யாருக்கும் சுவாரசியம் இல்லை.

பெரும்பாலான மிருகங்கள் சாகும்வரை நின்று சண்டை போடாது. 1981-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் பதிப்பில் இதற்கு அழகான விதி ஒன்று உண்டு: ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் 2-ல் இருந்து 12 வரை ஒரு மொரேல் (துணிச்சல்) நம்பர், 2டி6 உருட்டி அதைவிட அதிகம் விழுந்தால் அது பின்வாங்கும். அதை இங்கே கொண்டுவாருங்கள். மஞ்சுக்கடாவுக்கு மொரேல் 7, ஹெச்பி 50-க்குக் கீழே போனதும் ஒவ்வொரு ரவுண்டும் உருட்டுங்கள். ஓடினால் சோலைக்குள் போகும், இரண்டாவது பாதி அங்கே நடக்கும்.

பனிமூட்டம்தான் பலர் கோட்டைவிடும் இடம். விதிப்படி அடர்ந்த மூட்டத்தில் யாருக்கும் கண் தெரியாது. தாக்குகிறவருக்குக் கண் தெரியாததால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு டி20 உருட்டிக் குறைந்ததை எடுப்பது), தாக்கப்படுகிறவருக்கும் தெரியாததால் அட்வான்டேஜ் (இரண்டில் அதிகமானதை எடுப்பது), இரண்டும் கழிந்து சாதாரணமாக ஒரு டி20. "கண்ணால் பார்க்கிற ஆள்மேல்" என்று நிபந்தனை உள்ள ஸ்பெல்கள் (மந்திரங்கள்) வேலை செய்யாது, மற்றபடி பெரிய மாற்றம் இல்லை. அவ்வளவு வர்ணித்துவிட்டு எதுவுமே மாறவில்லை என்றால் ஏமாற்றமாக இருக்கும். அதனால் பார்வைத் தூரத்தை மட்டும் மாற்றுங்கள். ரவுண்டின் தொடக்கத்தில் டி6 உருட்டி 1, 2 என்றால் 15 அடி, 3, 4 என்றால் 30, 5, 6 என்றால் 60. ஊட்டியில் மேகம் வந்து போவதும் இப்படித்தான். அப்புறம் காற்று. கடாவுக்கு மோப்பம் அதிகம், காற்று உங்கள் பக்கத்தில் இருந்து அதன் பக்கம் வீசினால் மூட்டத்திலும் நீங்கள் இருக்கும் இடம் அதற்குத் தெரியும், எதிர்த்திசையில் வந்தால் தெரியாது. திசையை டி4-ல் முடிவு செய்து, ஆட்டக்காரர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

வரைபடத்தில் பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்வெளி, ஒரு பக்கம் தேயிலை. தேயிலை வரிசைக்குக் குறுக்கே போவது கடினமான தரை, கடாவின் 40 அடி வேகம் 20 ஆகிவிடும். வரிசைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் முழு வேகம்.

ஆட்டக்காரர்களுக்கு: கூட்டமாக நிற்காதீர்கள், முக்கியமாக ஒரே கோட்டில். ஹெச்பி அதிகம் உள்ளவர் தேயிலை வரிசைக்கு அந்தப் பக்கம் பார்வையில் படுகிற மாதிரி நின்று டாட்ஜ் (தாக்காமல் அடியைத் தவிர்ப்பதிலேயே கவனம்) எடுத்தால், கடா அவரை நோக்கித் திரும்பும், ஆனால் வந்து சேராது. அந்த ஒரு ரவுண்டு மற்றவர்களுக்குக் கிடைக்கும். ரெடி ஆக்‌ஷனை மறக்காதீர்கள்: "பாய ஆரம்பித்ததும் அம்பு" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். செடிகொடிகளால் கட்டிப்போடும் என்டாங்கில் ஸ்பெல் போட்டுப் பிடித்துவிட்டால் பாய்ச்சலே இல்லை, அது தெரிந்த ஒரு ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) இருந்தால் சண்டை தலைகீழாகும். விழுந்தவரை எழுப்ப, தூரத்தில் இருந்தே குணப்படுத்தும் ஹீலிங் வேர்ட் ஸ்பெல் போதும், பக்கத்தில் ஓடிப்போக வேண்டாம்.

மினி (மேஜையில் வைக்கும் சிறு பொம்மை) செய்வதற்கு எம்-சீல் நன்றாகவே வரும். லார்ஜ் சைஸ் என்பதால் இரண்டுக்கு இரண்டு கட்டம், அடித்தட்டு 50 மில்லிமீட்டர். மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் அடிக்காதீர்கள், ஈரக் காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும், பிரஷ்ஷால் பூசுங்கள்.

வேறு மிருகம் தேடுகிறவர்களுக்கு கரடி, சிறுத்தை, வரையாடு, அட்டைக் கூட்டம் என்று நிறைய இருக்கிறது. தோடர்களின் எருமையை மட்டும் மான்ஸ்டராக்காதீர்கள். அது அவர்களுடைய வழிபாட்டோடு சேர்ந்தது, கோயில் பால்மனையோடு சேர்ந்தது. படகர், கோத்தர், குறும்பர் சாமிகளும் அப்படித்தான். நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கும்பிடுவதை நாம் ஹெச்பி போட்டு வெட்டக் கூடாது.

கடைசியாக எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). கொன்றாலும், விரட்டினாலும், மோதாமல் சுற்றிப் போய்விட்டாலும் ஒரே அளவு கொடுங்கள், யானையின் குத்தைக் குறைத்ததால் சிஆர் 3 என்று வைத்து அதற்கு உரிய 700. இதை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஓடுகிற கடாவைத் துரத்திக்கொண்டு நான்கு பேரும் மூட்டத்துக்குள் போய்விடுவார்கள்.