சேர்வராயன் கோயிலுக்குச் செல்பவர் பயணக் குறிப்பு எழுதும் முறை

சேர்வராயன் குகைக் கோயிலைப் பற்றி எழுத விரும்புபவர், சேலத்தில் ஏற்காட்டுப் பேருந்து ஏறுவதற்கு முன் இடைக்காலப் பயணி ஒருவரையாவது கவனமாகப் படித்துவிடுவது நல்லது. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்தபோது, இங்கே அரசரும் தரையில் அமர்வதைக் கண்டு, காரணம் கேட்டு, மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே திரும்புவோம் என்ற விடையையும் பதிவு செய்திருக்கிறார். அதே நூலில் அந்தமான் மக்களுக்கு நாய்த்தலை என்ற செய்தியும் எந்தத் தயக்கமுமின்றி இடம்பெற்றிருக்கிறது.

ஆகவே, குறிப்பேட்டின் பக்கத்தை முதலிலேயே கண்டது, பிறர் சொன்னது, நமக்குத் தோன்றியது என மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 5,326 அடி உயரத்து உச்சி, குனிந்து நுழைய வேண்டிய குகை, உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும் ஆகியவை முதற்பகுதிக்குரியவை. இம்மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கூறும் மரபு இரண்டாவதில் சேரும். சொன்னவர் பூசாரியா, கடைக்காரரா என்பதையும் உடன் குறிக்க வேண்டும்.

இந்தப் பிரிவினை அயலாருக்கு மட்டும் உரியதன்று. திருச்செங்கோட்டில் அடியார்களைப் பீடித்த குளிர்காய்ச்சல் நீங்கத் திருஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்பது நம் பக்கத்தில் பலரும் அறிந்த செய்தி. 7ஆம் நூற்றாண்டுப் பதிகத்தைப் படித்தால், வினை எம்மைத் தீண்டாது என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. கொங்கு நாட்டுப் பனியும் காய்ச்சலும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்பவை. இரண்டையும் போற்றலாம், ஆனால் ஒரே வரியில் கலந்து எழுதலாகாது.

மூன்றாம் பகுதியில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். கோபுரத்தையும் மண்டபத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இக்குகையில் பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றலாம். அது கோயிலைப் பற்றிய செய்தியாகாது, எழுதுபவரின் பழக்கத்தைப் பற்றிய செய்தி. அதை மூன்றாம் பகுதியிலேயே எழுதுங்கள், அழிக்க வேண்டாம்.

மே மாதத் திருவிழாவின்போது விடை சொல்ல எவருக்கும் நேரமிராது என்பதால், கேள்விகளோடு செல்பவருக்குச் சாதாரண நாளின் காலைப்பொழுதே ஏற்றது. மார்க்கோ போலோவின் நூல், பயணம் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1298இல் ஜெனோவா சிறையில் அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. மலைமேலேயே உட்கார்ந்து எழுதி முடித்துவிடலாம், 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் பேருந்தில் எழுத்து நிற்காது.