கடைசிப் பத்து நிமிடம்: வீட்டில் சவாசனம் செய்யும் முறை

வகுப்புக்குப் போய் யோகா கற்ற நாட்களில், முடிவில் ஆசிரியர் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் சவாசனத்தில் அசையாமல் படுக்கச் சொல்வார். படுப்பேன். வீட்டில் தனியாகச் செய்ய ஆரம்பித்ததும் நான் முதலில் கைவிட்டது அதைத்தான். கடைசி ஆசனம் முடிந்ததும் பாயைச் சுருட்டிவிட்டு அடுப்படிக்கு ஓடுவேன். உடம்பு நன்றாக வளைந்து கொடுத்தது. ஆனால் எட்டு மணிக்குள் பிள்ளைகளிடம் ஒரு தடவையாவது எரிந்து விழுந்திருப்பேன். வகுப்பிலிருந்து திரும்பும்போது மனதில் இருந்த நிதானம் வீட்டில் ஏன் வரவில்லை என்று பல மாதம் யோசித்த பிறகுதான், எதை விட்டுவிட்டேன் என்பது புரிந்தது.

ஆசனங்கள் செய்யும்போது தசைகள் இறுகுகின்றன, நீள்கின்றன, இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது. அசையாமல் படுத்தால் துடிப்பும் மூச்சும் மெல்ல இறங்கும். உடம்பை ஓய்வுக்குக் கொண்டுபோகும் பாராசிம்பதெடிக் நரம்பு மண்டலம் வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் கொடுத்தே ஆக வேண்டும். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோக பிரதீபிகை என்ற யோக நூல் இந்த ஆசனத்துக்கு ஒரே ஒரு சுலோகம்தான் ஒதுக்குகிறது: பிணத்தைப் போலத் தரையில் மல்லாந்து கிடப்பது சவாசனம், அது களைப்பைப் போக்கும், மனதுக்கு ஓய்வு தரும். இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் அதில் திருத்த ஒன்றுமில்லை.

பெயரைக் கேட்டு வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால் 'சாந்தி ஆசனம்' என்று சொல்லுங்கள். நம் ஊரில் பல ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

முதல் வேலை: நேரத்தை ஒதுக்குவது

காலையில் நாற்பது நிமிடம் கிடைக்கிறது என்றால், கடைசிப் பத்து நிமிடத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சமுள்ள முப்பதில்தான் ஆசனங்கள். நேரம் குறைந்துபோனால் இரண்டு ஆசனங்களை விடுங்கள், இதை விட வேண்டாம். இருபது நிமிடம்தான் இருக்கிறதா? ஐந்து நிமிடம் படுத்தால் போதும். மெதுவான ஓசையில் ஒரு அலாரம் வைத்துக்கொண்டால், மணி என்ன ஆகியிருக்கும் என்று மனம் கணக்குப் போடாது. குக்கரைப் பயிற்சிக்கு முன்பே இறக்கிவிடுங்கள், அல்லது முடிந்த பிறகு ஏற்றுங்கள்.

இடமும் துணியும்

வெறும் தரை வேண்டாம், மெத்தையும் வேண்டாம். மெத்தையில் உடம்பு தூக்கத்துக்குப் பழகியிருக்கிறது. யோகா மேட் அல்லது கோரைப்பாய், அதன்மேல் மடித்த போர்வை. கையெட்டும் தூரத்தில் ஒரு மெல்லிய துண்டும் ஒரு பெட்ஷீட்டும் இருக்கட்டும். வியர்த்த உடம்பு அசையாமல் கிடக்கும்போது சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதனால் ஃபேனைக் குறைத்துவிட்டு வயிறு வரை போர்த்திக்கொள்ளுங்கள். வடக்கே தலை வைக்காதே என்று வீட்டில் சொன்னால் கிழக்கே வைத்துக்கொள்ளலாம். ஆசனத்துக்குத் திசை முக்கியமில்லை.

படுக்கும் விதம்

சட்டென்று சாயாதீர்கள். உட்கார்ந்து, முழங்கைகளை ஊன்றி, முதுகை மெல்ல இறக்குங்கள். கால்களுக்கு இடையே ஒன்றரை அடி இடைவெளி. பாதங்கள் தானாக வெளிப்பக்கம் சாயட்டும். கைகள் உடம்பை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, உள்ளங்கை மேலே பார்த்தபடி. முகவாய் மேலே தூக்கி நின்றால் தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். கீழ்முதுகு வலித்தால் பெட்ஷீட்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் கொடுங்கள். இடுப்பு உடனே தரையில் படியும். ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிகள் நெடுநேரம் மல்லாந்து படுக்கக் கூடாது, வளர்ந்த கருப்பை பெரிய ரத்தநாளத்தை அழுத்தும். அவர்கள் இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்ளலாம்.

இறுக்கி விடுவது

புதியவர்களிடம் 'தளர்த்துங்கள்' என்றால் எதைத் தளர்த்துவது என்றே தெரியாது. இறுகிக் கிடப்பதே பழகிப்போயிருக்கும். அதனால் முதலில் வேண்டுமென்றே இறுக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சனும் இப்படி ஒரு முறையை வகுத்து 1929இல் நூலாக வெளியிட்டார்.

வலது காலை நாலு விரல் உயரம் தூக்கி, தொடை வரை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பொத்தென்று விடுங்கள். அடுத்து இடது கால். பிறகு கைகளை மூடி முஷ்டியாக்கி, தோள் வரை இறுக்கி விடுங்கள். தோள்களைக் காதுப்பக்கம் இழுத்து விடுங்கள். முகத்தைச் சுருக்கி விடுங்கள். ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்கள் மூச்சை அடக்காமல் லேசாக இறுக்கினால் போதும்.

உடம்பைச் சுற்றி வருதல்

இனி அசைவு கிடையாது. மனதால் மட்டும் கால்விரலில் தொடங்கி மேலே வர வேண்டும். சுவாமி சிவானந்தரின் வழியில் வந்த மையங்களில், 'கால்விரல்களைத் தளர்த்துகிறேன், தளர்ந்துவிட்டன' என்று ஒவ்வோர் உறுப்பாக மனதுக்குள் சொல்லச் சொல்வார்கள். (சிவானந்தர் பிறந்தது, கோரைப்பாய்க்குப் பேர்போன நம் பத்தமடையில், 1887இல். நான் பாய் விரிக்கும் போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.) பாதம், கெண்டைக்கால், முழங்கால், தொடை, இடுப்பு என்று அவசரமில்லாமல் வாருங்கள்.

வயிற்றில் கொஞ்சம் நில்லுங்கள். நம்மில் பலர் நாள் முழுக்க வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறோம், குறிப்பாகப் பெண்கள். அதை விட்டுவிடுங்கள், உப்பித் தெரிந்தால் தெரியட்டும். அடுத்து தாடை. பற்கள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. நாக்கு மேலண்ணத்தில் அழுந்தியிருந்தால் கீழே இறக்குங்கள். எனக்கு நாக்கு இறங்கிய பிறகுதான் நெற்றி இளகும். கண்கள் இமைக்குள்ளும் அலைந்துகொண்டிருக்கும். ஈரத்துணியை மேலே போட்டதுபோல அவை உள்ளே அமிழட்டும்.

உச்சந்தலை வந்ததும் மூச்சைக் கவனியுங்கள். இழுக்க வேண்டாம், நீட்ட வேண்டாம். மூச்சு விடும்போது வயிறு தாழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

நடுவில் வரும் தொல்லைகள்

மின்கட்டணம், பால் பாக்கெட், நேற்றைய சண்டை எல்லாம் வரும். வந்ததைக் கவனித்ததும் மறுபடி வயிற்றுக்கே திரும்புங்கள். பத்து தடவை போனால் பத்து தடவை திரும்புங்கள். தூக்கம் வந்தால் உங்களுக்குத் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம், தப்பொன்றுமில்லை. அடுத்த நாள் ஒரு கையைத் தரையில் நீட்டி வைப்பதற்குப் பதில் முழங்கையை மடித்து முன்கையைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கண் அயர்ந்தால் கை சாய்ந்து எழுப்பிவிடும். கண்ணை மூடியதும் பயமோ அழுகையோ வருகிறவர்களும் உண்டு. அப்போது கண்ணைத் திறந்து, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சவாசனம்தான்.

எழுந்திருப்பது

அலாரம் அடித்ததும் துள்ளி எழுந்தால் தலை கிறுகிறுக்கும், படுத்திருந்தவருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால். முதலில் மூச்சை ஆழமாக்குங்கள். விரல்களை அசையுங்கள். கைகளைத் தலைக்குமேல் நீட்டிச் சோம்பல் முறியுங்கள். முழங்காலை மடித்து வலது பக்கம் திரும்பி, நாலைந்து மூச்சு அப்படியே கிடங்கள். பிறகு இடது கையைத் தரையில் ஊன்றி எழுந்து உட்காருங்கள், தலை கடைசியாக மேலே வரட்டும். கண்களைத் திறக்க இன்னொரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாயை மடியுங்கள். செல்போனை எடுப்பது ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகு இருக்கட்டும்.